ஐந்தறிவு என்று எழுதும் முன்

ஒருவன் கொடுமை செய்தால் ‘ஐந்தறிவு மிருகம்கூட இப்படிச் செய்யாது’ என்கிறோம். இறந்துபோன வளர்த்தவரின் படத்தருகே ஒரு நாய் படுத்துக்கிடந்தால் ‘ஐந்தறிவு ஜீவனின் பாசம்’ என்று தலைப்பிடுகிறோம். வசையானாலும் பாராட்டானாலும் கணக்கு ஒன்றுதான்: மனிதருக்கு ஆறு, மற்றவற்றுக்கு ஐந்து, அந்த ஆறாவதன் பெயர் பகுத்தறிவு. சான்று கேட்டால் தொல்காப்பியத்தைக் காட்டுவார்கள். மரபியலில் அந்த வரிசை இருப்பது உண்மை. புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள், கறையானும் எறும்பும் மூன்று, விலங்குகள் ஐந்து, மக்கள் ஆறு. ஆனால் ஆறாவதாக அங்கே சொல்லப்படுவது மனம். அதைப் பகுத்தறிவு என்று பெயர்த்துக்கொண்டது பிற்காலத்து நாம். அதைவிட முக்கியமான ஒன்றையும் விட்டுவிட்டோம். மக்களைச் சொன்ன கையோடு, அந்த வகையில் சேரும் பிற உயிர்களும் உண்டு என்று நூல் சொல்கிறது. நமக்குக் கிடைக்கும் உரைகளில் மிகப் பழையதை எழுதிய இளம்பூரணர், விலங்குகளில் ஒருசாரவை ஆறறிவு உடையவை என்று விளக்கி உதாரணமும் தருகிறார்: கிளி, குரங்கு, யானை. பள்ளியில் வரிசையை மனப்பாடம் செய்த தலைமுறைகள் இந்த விதிவிலக்கை மட்டும் மறந்துவிட்டன.

இந்தக் கட்டுரை அந்த விதிவிலக்கின் பக்கம் நிற்கிறது. அதற்காக மனிதரும் விலங்கும் ஒன்றே என்று சாதிக்க வரவில்லை. வித்தியாசம் பெரியது, அதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இதற்கு உதவும் ஒரு பாகுபாடு இந்தியத் தருக்க மரபிலேயே உண்டு. தூரத்து மலையில் புகை எழுவதைப் பார்த்து, அங்கே நெருப்பு இருக்கிறது என்று ஒருவர் தமக்குள் தெரிந்துகொள்வது தன்பொருட்டு அனுமானம். பக்கத்தில் நிற்பவரும் ஏற்கும்படி, ‘மலையில் நெருப்பு உண்டு, ஏனென்றால் புகை தெரிகிறது, புகை இருக்கும் இடத்தில் நெருப்பு இருக்கும், அடுக்களையைப் பார்’ என்று காரணமும் எடுத்துக்காட்டும் வைத்து நிறுவுவது பிறர்பொருட்டு அனுமானம். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு கூறும் பௌத்தத் தருக்க அறிஞர் திக்நாகர் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். நியாய மரபைச் சேர்ந்த பிற்காலத் தருக்கவாதிகளும் அதை எடுத்துக்கொண்டார்கள். சைவ சித்தாந்தத்தின் அளவையியல் வழியாக அது தமிழுக்கும் வந்தது. முதலாவது விலங்குகளிடம் தாராளமாக உண்டு, இரண்டாவதுதான் மனிதருக்கே உரியது என்பது என் வாதம். நம் பெருமையை முழுக்க முதலாவதன்மேல் ஏற்றி வைத்ததில்தான் கணக்கு பிசகியது.

இளம்பூரணரின் பட்டியல் வரிசையிலேயே சான்றுகளைப் பார்க்கலாம். முதலில் கிளி. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஐரீன் பெப்பர்பெர்க் குழுவினர் கிரிஃபின் என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு ஒரு சோதனை வைத்தார்கள்; முடிவுகள் 2018இல் வந்தன. இரண்டிரண்டாக நான்கு குவளைகள். ஒவ்வொரு ஜோடியிலும் ஏதோ ஒரு குவளைக்குள் தீனி, எதில் என்று கிளிக்குத் தெரியாதபடி மறைத்து வைக்கப்படும். பிறகு ஒரு குவளையைத் திறந்து, அது காலி என்று காட்டுவார்கள். மிச்சம் மூன்று. ‘காலியானதை விட்டுவிடு’ என்பது மட்டும் தெரிந்த உயிர் அந்த மூன்றில் எதையாவது எடுக்கும். இதிலா அதிலா, அதில் இல்லை, ஆகவே இதில்தான் என்று போகத் தெரிந்த உயிர் காலிக் குவளையின் ஜோடியை எடுக்கும். அங்கே மட்டும்தான் தீனி நிச்சயம். கிரிஃபின் பெரும்பாலும் அதைத்தான் எடுத்தது. இதே மாதிரியான சோதனையில் இரண்டரை வயதுக் குழந்தைகள் தேறவில்லை, மூன்று வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் தேறினார்கள். விலங்குக்கு இப்படி அனுமானிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு வயது இரண்டாயிரத்துக்கு மேல். முயலைத் துரத்தும் நாய் முச்சந்திக்கு வந்து, இரண்டு பாதைகளை முகர்ந்து பார்த்து வாசனை இல்லையென்று கண்டு, மூன்றாவதை முகராமலேயே அதில் பாய்ந்து ஓடுகிறது என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கிரேக்கத் தத்துவவாதி கிறிசிப்பஸ் சொன்னதாகக் குறிப்பு உண்டு. விலங்குக்குப் பகுத்தறிவு கிடையாது என்று சாதித்த ஸ்டோயிக் மரபின் தலைவர்களில் ஒருவரே அவர் என்பது வேடிக்கை.

அடுத்து குரங்கினம். நமக்கு மிக நெருங்கிய உறவான வாலில்லாக் குரங்குகளை வைத்து, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோசப் கால் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. மூடிய இரண்டு குவளைகள், ஒன்றில் தீனி. தீனி உள்ளதை ஆட்டினால் கடகடக்கும். அதை எடுப்பதில் வியப்பில்லை. காலிக் குவளையை மட்டும் ஆட்டிக் காட்டினால்? சத்தமே வராது. ஆட்டியும் சத்தம் வரவில்லை, எனவே தொடப்படாத அந்த இன்னொன்றில்தான் இருக்க வேண்டும் என்று சில குரங்குகள் அதை எடுத்தன. எல்லாக் குரங்குகளும் அல்ல. ஆனால் குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளமுடியாத அளவுக்கு எடுத்தன. சத்தமும் தீனியும் சேர்ந்தே வந்து பழகிவிட்டதன் விளைவு இது என்று சொல்லிவிடலாமா என்றால், அதற்கும் ஒரு சோதனை வைத்தார்கள். ஒரு குவளையை ஆட்டியும் இன்னொன்றைத் தட்டியும் இரண்டிலும் சத்தம் வரச் செய்தபோது, ஆட்டியதையே நாடின. தட்டுவதால் வரும் சத்தத்துக்கு உள்ளே பொருள் இருக்கத் தேவையில்லை. 2025இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. உகாண்டாவில் விக்டோரியா ஏரியின் ந்காம்பா தீவுச் சரணாலயத்தில், ஒரு பெட்டியில் தீனி இருப்பதாக முதலில் ஒரு தடயத்தைக் காட்டி, சிம்பன்சி ஒரு முடிவுக்கு வந்தபின் மற்றப் பெட்டியைப் பற்றி வேறொரு தடயத்தைக் காட்டினார்கள். புதிய தடயம் பழையதைவிட வலுவாக இருந்தால் சிம்பன்சிகள் முடிவை மாற்றிக்கொண்டன; பலவீனமாக இருந்தால் பழையதிலேயே நின்றன. தாம் நம்பிய தடயமே ஏமாற்று என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டன. தேர்தல் காலத்தில் நம் வீட்டுக் கூடங்களில் நடக்கும் விவாதங்களில் இதைக் காண்பது கொஞ்சம் கடினம்.

மூன்றாவதாக யானை. இங்கே ஆய்வாளர்கள் தங்களைத் தாங்களே திருத்திக்கொண்ட கதை இருக்கிறது. எட்டாத தீனியைக் குச்சியால் இழுக்க யானைக்குத் தெரியவில்லை என்பதால், உபாயம் தோன்றும் புத்தி அதற்குக் குறைவு என்று நெடுநாள் நினைத்தார்கள். குச்சியைப் பிடிப்பது துதிக்கை. துதிக்கைதான் மூக்கும். தீனியைத் தேடித்தரும் உறுப்பையே குச்சியால் அடைத்துவிட்டு, தீனியை எடு என்று சொல்வது, மனிதனின் கண்ணைக் கட்டிவிட்டு நூல் கோக்கச் சொல்வதைப் போன்றது. வாஷிங்டன் விலங்குக் காட்சிசாலையில் காந்துலா என்ற ஏழு வயது ஆசிய யானைக்குக் குச்சியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் கட்டையும் தரப்பட்டது. உயரத்தில் பழம் தொங்கியது. முட்டி மோதிப் பார்க்கும் முயற்சிகள் எதுவும் இல்லாமல், ஒருநாள் அது கட்டையை உருட்டிக்கொண்டுபோய்ப் பழத்தின் கீழே நிறுத்தி, முன்காலை வைத்து ஏறிப் பறித்தது. பிறகு கட்டையை வேறு இடத்தில் வைத்தாலும் தேடிக் கொண்டுவந்தது. வேறு பொருட்களையும் அப்படியே பயன்படுத்தியது. 2011இல் வெளியான இந்த ஆய்வில் சோதிக்கப்பட்ட மூன்று யானைகளில் காந்துலா ஒன்றுதான் இதைச் செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு யானைக்குத் தோன்றியது என்பதே இங்கே போதும். எல்லா மனிதருக்கும் எல்லா உபாயமும் தோன்றிவிடுகிறதா என்ன?

பட்டியலில் இல்லாத காக்கையையும் சேர்த்தாக வேண்டும், ஏனென்றால் அதன் கதை நம் எல்லாருக்கும் தெரியும். பானையில் கல் போட்டு நீர் குடித்த ஈசாப்பின் காக்கையை ஆய்வகத்துக்கே கொண்டுவந்தார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வில் நியூ கலிடோனியக் காக்கைகள் மணல் நிறைந்த குழாயை விட்டு நீர் நிறைந்த குழாயில் கல் போட்டன. மிதக்கும் பொருட்களை ஒதுக்கி, மூழ்குவதை எடுத்தன. உள்ளீடற்றதை விட்டுக் கனமானதைப் போட்டன. இதோடு நிறுத்தினால் அழகான கதை. ஆனால் அகலமான குழாய், குறுகலான குழாய் இரண்டையும் தந்து, எதில் நீர் சீக்கிரம் உயரும் என்று பார்த்தபோது அவை தவறின. கண்ணுக்குத் தெரியாத வளைவால் இணைக்கப்பட்ட குழாய்களிலும் தவறின. ஆக்ஸ்ஃபோர்டில் 2002இல் பெட்டி என்ற காக்கை கம்பியை வளைத்துக் கொக்கியாக்கியது உலகையே வியக்கவைத்தது; அந்த இனக் காக்கைகள் காட்டிலேயே குச்சிகளை வளைக்கும் வழக்கமுள்ளவை என்பது பின்னர் தெரிந்தபோது அந்த வியப்பு கொஞ்சம் இறங்கியது. விலங்கின் அனுமானம் ஓரிடத்தில் கூர்மையாகவும் அடுத்த அடியில் மழுங்கியும் இருக்கிறது. இந்த ஒழுங்கின்மையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதரிடமும் இதையே பார்க்கப்போகிறோம்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. இவையெல்லாம் வெறும் பழக்கம், பார்ப்பவர்தான் அதில் அறிவைப் படிக்கிறார் என்பது. இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படும் குதிரையின் பெயர் ஹான்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் குளம்பால் தட்டிக் கணக்குக்கு விடை சொன்னது. 1904இல் ஒரு குழுவே வந்து பார்த்து, மோசடி ஏதுமில்லை என்றது. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் நுணுகிப் பார்த்தபோது உண்மை வெளிவந்தது: கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. தட்டல் சரியான எண்ணை நெருங்கும்போது கேட்பவரின் தலையிலும் உடம்பிலும் தோன்றும் நுண்ணிய அசைவை அது கவனித்து நிறுத்திக்கொண்டிருந்தது. ஒரு செயலை எளிய காரணத்தால் விளக்க முடியுமானால் உயர்ந்த மன ஆற்றலை அதற்குக் கற்பிக்காதே என்று உளவியலாளர் லாய்ட் மார்கன் 1894இலேயே விதி செய்திருந்தார். நல்ல விதி. சமூக ஊடகத்தில் உலவும் ‘புத்திசாலிப் பூனை’ வீடியோக்களில் பாதியை அது கவிழ்த்துவிடும். மேலே சொன்ன ஆய்வுகள் அந்த விதியோடு மல்லுக்கட்டியே வடிவமைக்கப்பட்டவை. ஆட்டுவதையும் தட்டுவதையும் பிரித்துப் பார்த்தது அதற்காகத்தான். என் மறுப்பு வேறு: இந்தக் கத்தியை விலங்கின்மேல் மட்டும் வைப்பது என்ன நியாயம்? மனிதர் சரியாக விடை சொன்னால் அது சிந்தனை, விலங்கு சொன்னால் பழக்கம் என்று ஆராயாமலே தீர்ப்பெழுதுகிறோம்.

அதே கத்தியை நம்மீதும் வைத்துப் பார்க்கலாம். ஆங்கில உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் உருவாக்கிய புதிரைத் தமிழாக்கினால் இப்படி இருக்கும். மேசையில் நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். நமக்குத் தெரிவது அ, க, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்’ என்பது விதி. இது உண்மையா என்று அறிய எந்தெந்தச் சீட்டுகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்கிறார்கள். விடை அ, 7. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்தது; நான்கின் பின்னால் எது இருந்தாலும் உடையாது. படித்த இளைஞர்களிடம் வைத்தால் பத்தில் ஒருவர் சரியாகச் சொல்வதே அபூர்வம். இதையே ‘மது குடிப்பவர் இன்ன வயதைத் தாண்டியிருக்க வேண்டும்’ என்ற விதியாக மாற்றி, யாரைச் சோதிப்பாய் என்று கேட்டால் பெரும்பாலோர் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். தருக்கம் ஒன்றுதான், சூழல் மாறியதும் புத்தி விழிக்கிறது. சிம்பன்சிகளும் அப்படியே. தீனி கேட்டுக் கையேந்தும்போது எதிரே இருப்பவரின் கண் கட்டப்பட்டிருப்பதைப் பொருட்படுத்தாதவை, தீனிக்குப் போட்டி என்று வந்தால், வலுவான எதிராளியின் கண்ணுக்குத் தெரியாத துண்டைத் துல்லியமாகத் தேர்ந்தெடுக்கின்றன. காக்கையிடம் கண்ட ஒழுங்கின்மை நம் எல்லாருக்கும் பொது.

புறாக்களின் கதை இன்னும் சங்கடமானது. மூன்று கதவுகள், ஒன்றின் பின்னால் பரிசு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், பரிசு எங்கே என்று அறிந்தவர் மற்ற இரண்டில் வெறுமையான ஒன்றைத் திறந்துகாட்டி, ‘மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்கிறார். மாற்றினால் வெல்லும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, மாற்றாவிட்டால் மூன்றில் ஒன்று. 1990இல் ஓர் அமெரிக்க இதழில் மேரிலின் வாஸ் சாவன்ட் இந்தச் சரியான விடையை எழுதியபோது ஆயிரக்கணக்கான மறுப்புக் கடிதங்கள் குவிந்தன. எழுதியவர்களில் கணிதப் பேராசிரியர்களும் இருந்தார்கள். 2010இல் வெளிவந்த ஆய்வில் இதே விளையாட்டைப் புறாக்களுக்கும் மாணவர்களுக்கும் பலமுறை திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஒரு மாதப் பழக்கத்தில் புறாக்கள் ஏறத்தாழ ஒவ்வொரு முறையும் மாற்றக் கற்றுக்கொண்டன. மாணவர்கள் எத்தனை முறை ஆடியும் மூன்றில் ஒரு பங்குக்குப் பழைய கதவிலேயே நின்றார்கள். புறா நிகழ்தகவுக் கணிதம் போட்டது என்று நான் சொல்லவில்லை. எது பலன் தருகிறது என்று அனுபவத்தில் கண்டு அதன் வழியே போனது. மனிதரிடமோ தம் முடிவுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் தவறு.

‘அப்படியானால் நிலவுக்குப் போனது யார், புறாவா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில், ஒரு தனி மனிதரின் மண்டை நிலவுக்குப் போகவில்லை என்பது. வேசனின் சீட்டுப் புதிரில் தனியாகத் தேறியவர்கள் 9 சதவீதம். ஐந்தாறு பேராக உட்கார்ந்து வாதாடித் தீர்க்கச் சொன்னபோது குழுக்களில் ஏறத்தாழ முக்கால்வாசி தேறின என்று 1998இல் மோஷ்மனும் கெய்லும் காட்டினார்கள். ‘நான்கை ஏன் திருப்ப வேண்டும், சொல்’ என்று ஒருவர் கேட்டதும் மற்றவர் தடுமாறுகிறார். தடுமாறிய இடத்தில் சரியான விடை நுழைகிறது. ஊகோ மெர்சியே, டான் ஸ்பெர்பர் என்ற இருவர் இதையே பெரிய கோட்பாடாக்கினார்கள்: காரணம் தேடும் ஆற்றல் மனிதரிடம் வளர்ந்தது உண்மையைத் தனியே கண்டறிய அல்ல, பிறரை ஏற்கவைக்கவும் பிறர் சொல்வதை எடைபோடவும்தான். கோட்பாட்டின் எல்லா அம்சங்களையும் நான் ஏற்கவில்லை. தனியே ஒரு கணக்கோடு மல்லாடி வென்றவர்களின் வரலாற்றை அது குறைத்து மதிக்கிறது. ஆனாலும், தனியே இருக்கும் மனிதர் தம் கருத்துக்கு வக்கீலாகவே இருக்கிறார், எதிர்த்தரப்பு ஒன்று வந்தால்தான் நீதிபதியாகிறார் என்ற அதன் மையக் கருத்தைச் சான்றுகள் தாங்குகின்றன.

இதற்குக் குழந்தைகளிடமிருந்தும் ஒரு சான்று. அதே ந்காம்பா தீவில் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. ஒரு பெட்டியிலிருந்து தீனி எடுப்பதைச் சிம்பன்சிகளுக்குச் செய்து காட்டும்போது, தேவையற்ற சில செயல்களையும் வேண்டுமென்றே சேர்த்தார்கள். பெட்டி கறுப்பாக, உள்ளே தெரியாமல் இருந்தபோது அவை எல்லாவற்றையும் அப்படியே செய்தன. கண்ணாடிபோலத் தெரியும் பெட்டியைத் தந்ததும், பயனற்ற செயல்களை விட்டுவிட்டு நேரே தீனியை எடுத்தன. மூன்று நான்கு வயது மனிதக் குழந்தைகளோ, உள்ளே தெரிந்த பின்னும் பயனற்றவற்றையும் சேர்த்தே செய்தார்கள். யார் புத்திசாலி? அந்த ஒரு பெட்டியைப் பொறுத்தவரை சிம்பன்சிதான். ஆனால் காரணம் புரியாவிட்டாலும் பெரியவர் செய்ததற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பி வாங்கிக்கொள்ளும் இந்தப் பண்பால்தான், புளித்த மாவும் உலோகக் கலவையும் எழுத்தும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் குறையாமல் போய்ச் சேருகின்றன. பின்னால் ஒருநாள் யாரோ ‘ஏன்?’ என்று கேட்டுத் தேவையற்றதைக் கழிக்கிறார்கள். வாங்கிக்கொள்வது, கேட்பது இரண்டும் சேர்ந்ததே நம் ஆறாவது அறிவு. அது எந்தத் தனி மண்டைக்குள்ளும் முழுதாக இல்லை. ஆட்களுக்கு இடையே இருக்கிறது.

‘இது வெறும் மொழியின் வேலை, விலங்குக்கு மொழி கொடுத்தால் அதுவும் வாதாடும்’ என்று இன்னொரு மறுப்பு வரலாம். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நிம் என்ற சிம்பன்சிக்கு நியூயார்க்கில் 1970களில் சைகை மொழி கற்பித்த ஹெர்பர்ட் டெரஸ், 1979இல் பதிவுகளைத் திரும்பப் பார்த்துவிட்டு, அதன் சைகைகளில் பெரும்பகுதி ஆசிரியர் செய்ததைத் திருப்பிச் செய்வதும் எதையாவது கேட்டு வாங்குவதும்தான் என்று ஒப்புக்கொண்டார். சொற்கள் கிடைத்தும் காரணம் சொல்லும் தேவை அதற்கு எழவில்லை. தடயங்களைச் சரியாக எடைபோடும் சிம்பன்சி, ‘நீ ஏன் அந்தப் பெட்டியை எடுத்தாய்?’ என்று பக்கத்துச் சிம்பன்சியிடம் கணக்குக் கேட்பதில்லை. மனிதக் குழந்தை மூன்று வயதிலேயே வீட்டாரின் உயிரை வாங்குகிறது. மொழி இதற்குக் கருவி. பிறருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் நாம் என்ற உணர்வு அதற்கு முந்தியது. பகுத்தறிவு என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதை மேடையிலும் பத்திரிகையிலும், கூட்டத்தில் எழும் கேள்விக்குப் பதிலாகவும்தான் வளர்த்தார்கள். 1934இல் பெரியார் தம் இதழ் ஒன்றுக்கு அந்தப் பெயரையே வைத்தார். மறுப்பவர் இல்லாத வாட்ஸ்அப் குழுக்களில் அதே சொல் நாளுக்குநாள் மெலிவதும் தற்செயல் இல்லை.

விலங்கை நடத்தும் முறைக்கு அதன் சிந்தனை ஆற்றல் எதற்கு, அதற்கு வலிக்கிறது என்பது போதாதா என்றால், போதும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சொற்கள் பார்வையைக் கட்டிப்போடுகின்றன. மின்வேலியைச் சோதித்துப் பார்த்து, எந்த இடத்தில் மரத்தைச் சாய்த்தால் கடக்கலாம் என்று கண்டுகொள்ளும் யானையை ‘ஐந்தறிவு’ என்று எண்ணி வேலி போடுபவர், யானையிடம் தோற்றுக்கொண்டேதான் இருப்பார். எதிரே நிற்பது தனக்குள் கணக்குப் போடும் உயிர் என்று தெரிந்தவர்தான் அது அடுத்து என்ன செய்யும் என்று யோசிப்பார். ஆகவே, இந்த நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளின் உதவி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நாயும் யானையும் குரங்கும் செய்தியில் வரும்போது தலைப்பில் ‘ஐந்தறிவு ஜீவன்’ என்று போடுவதை விட்டுவிடுங்கள். நாய், யானை, குரங்கு என்றே எழுதுங்கள்; வாசகருக்குப் புரியும்.